மேலே எறியச் சொன்ன வாப்பா

எங்கள் தெருவில் கூடைப்பந்து ஆடுகிறவர்கள் ஏழெட்டுப் பேர்தான். அதை எப்படி ஆடவேண்டும் என்று அறிந்தவர்களோ, கைக்குழந்தைகளைக் கழித்துவிட்டால், மற்ற எல்லாரும்.

முத்தலிபு நானாவின் தேத்தண்ணிக் கடை மைதானத்துக்கு நேர் எதிரே. மைதானம் என்றதும் பெரிதாக ஒன்றையும் எண்ணிவிட வேண்டாம். யாரோ ஒரு காலத்தில் கருவாடு காயவைக்கப் போட்ட சீமெந்துத் தரை. இரண்டு பக்கமும் கம்பம் நட்டு, பலகையும் வளையமும் மாட்டி, கோடு கீறியிருக்கிறார்கள். அதற்கும் கடலுக்கும் நடுவே ஒரு பூவரசு கூடக் கிடையாது. கடலிலிருந்து சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் உயர எறிந்த பந்து சித்தி மரியத்தின் வெங்காயப் பாத்திக்குள் போய்த்தான் நிற்கும். அவ வந்து பந்தோடு சேர்த்து நாலு வார்த்தையும் தந்துவிட்டுப் போவா. அதெல்லாம் கற்பிட்டியில் வழமை. யாரும் பேச எடுப்பதில்லை.

அந்த வருசம் எங்கள் அணி மாவட்ட இறுதி ஆட்டத்துக்குத் தெரிவாகிவிட்டது. அன்றோடு தெருவில் ஒருத்தருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. வலை பின்னுகிறவர் எழும்பிக் கடைக்கு வருவார், பாதித் தேத்தண்ணியில் எழும்பி மைதானத்துக்குப் போவார், அங்கே ஒன்றும் நடக்கவில்லையென்று திரும்பவும் கடைக்கு வருவார். நான் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கத்தான் போவேன். ஒரு றாத்தல் பாணுக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று வீட்டில் கேட்பார்கள். கடையில் இரண்டு கட்சி இருக்கும்போது ஒரு கட்சியின் கதையை மட்டும் கேட்டுவிட்டு வருவது நியாயமா?

முதலாவது கட்சிக்குத் தலைவர் பாலச்சந்திரன். யுத்த காலத்தில் கிளிநொச்சியிலிருந்து வந்து இங்கே மோட்டார்சைக்கிள் சாமான் கடை போட்டவர். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே வளையத்தடிக்குக் கொண்டுபோகவேண்டும் என்பது அவர் கொள்கை. இரண்டாவது கட்சிக்குச் செய்னுலாப்தீன் நானா. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து ஒரு துணிப் பையோடு துரத்தப்பட்டு வந்து, இப்போது கருவாட்டு வியாபாரம். தட்டிக்கொண்டு திரிவது வீண், உயரமானவனுக்கு மேலே எறியவேண்டும் என்பது இவர் வாதம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பந்தைத் தட்டிக்கொண்டு போகிறவன் செய்னுலாப்தீன் நானாவின் மகன் ஹிஷாம். வளையத்தடியில் நிற்கிற உயரக்காரன் பாலச்சந்திரனின் மகன் ஜெனோசன். இரண்டு பேரும் தங்கள் பிள்ளையை விட்டுவிட்டு மற்றவர் பிள்ளைக்காகத் தொண்டை கிழியக் கத்துவார்கள். பெற்ற பிள்ளையை இப்படி மறந்து வாதாடுகிற மனிதர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

"செய்னுலாப்தீன் நானா, ஒங்கட மகன் பந்தக் கொண்டுபோற போக்கப் பாத்தா, வளையத்துல போடுறதுக்கில்ல, ஊட்டுக்குக் கொண்டுபோய் உம்மாட்ட காட்டுறதுக்குப் போல ஈக்கிது," என்று முத்தலிபு தொடக்கிவிடுவார். அவருக்கு வாதம் நடந்தால்தான் தேத்தண்ணி ஓடும்.

"அதத்தானே நானும் சொல்றேன்! கோழிக்குத் தீன் போடுற மாதிரிக் குனிஞ்சிக்கிட்டே திரியிறான். அங்கால ஜெனோசன் பனை மாதிரி நிக்கிறான். மேல எறிஞ்சா கை முறிஞ்சிடுமா?"

"சும்மா இருங்கோ நானா. என்ர பெடியனுக்குப் பந்து மேலால வந்தா வானத்தைப் பாப்பான், பந்தைப் பாக்கமாட்டான். பெத்தவன் எனக்குத் தெரியாதே? உங்கட ஹிஷாம்தான் கொண்டுபோகவேணும். நேற்று மற்றப் பெடியன் மேல எறிஞ்ச பந்து எங்க போச்சுது? வெங்காயத்துக்க!"

"அது எறிஞ்சவன்ட பிழை. எறியிறதுட பிழையில்ல."

ஹிஷாமுக்குக் கட்டாரில் வேலைக்கு விசா வந்திருந்தது. அதை எனக்கு யாரும் வந்து சொல்லவில்லை. எங்கள் வளவுக்கும் அவர்கள் வளவுக்கும் நடுவே கிடுகு வேலி. நான் காதைக் கொண்டுபோகத் தேவையில்லை, கதையே இந்தப் பக்கம் வரும். மெடிக்கல் எடுத்தாயிற்று. இறுதி ஆட்டம் முடிந்த அடுத்த கிழமை விமானம். ஆனால் மாவட்டத்தில் வென்றால் குருநாகலில் மாகாணப் போட்டி, அது விமானத்துக்குப் பிறகு. அங்கே நன்றாக ஆடுகிறவனைக் கொழும்புக் கம்பனி அணிகள் வேலையும் கொடுத்து எடுக்கும் என்று பயிற்சி கொடுக்கிற சுஹைர் சேர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து அந்தப் பிள்ளைக்குச் சாப்பாடு இறங்குவதில்லை என்று தாய் கமீலா வேலியடியில் வந்து சொல்லி மூக்கைச் சிந்தினாள்.

மகனை அனுப்புவதில் செய்னுலாப்தீன் நானாவுக்கும் ஒரு நியாயம் இருந்தது. "கடலை நம்பினேன். கடையை நம்பினேன். எல்லாத்தையும் விட்டுட்டுப் போ எண்டு சொல்ல ரெண்டு நிமிசம் போதும் எண்டு கண்டேன். கட்டார்ல துரத்தினாலும் டிக்கெட் போட்டுத்தான் துரத்துவான்," என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். கேட்கிறவர்களுக்குத்தான் சிரிப்பு வராது.

ஒரு நாள் கடையில் வாதம் முற்றி, பாலச்சந்திரன் வாயை விட்டுவிட்டார்.

"உங்களுக்கு மகன் வெல்லக்கூடாது நானா. வெண்டா அவன் குருநாகலுக்கு நிப்பான், விசா வீணாப்போகும். அதுக்குத்தான் மேல எறி, மேல எறி எண்டு பெடியனைக் குழப்புறியள்."

நான் பாணைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சீனி விலை கேட்பதுபோல நின்றேன்.

செய்னுலாப்தீன் நானா கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பினார். "வல்லாஹி, பாலா! இந்தத் தட்டுற ஆட்டத்துக்குக் கிண்ணம் வராது. எப்பிடியாவது இவங்க கிண்ணத்தை எடுத்தா அவன் கட்டாருக்குப் போகத் தேவையில்ல. நானே ஏஜென்சிக்கு போன் எடுத்து வேணாம் எண்டு சொல்றேன். முத்தலிபு, நீ சாட்சி."

"சாட்சிக்கு ஒரு பிளேன்ரீ ஊத்தவா நானா?" என்றார் முத்தலிபு.

அவர் அவ்வளவு தாராளமாக வாக்குக் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. அந்த ஆட்டத்தை ஆடிக் கிண்ணம் எடுக்கவே முடியாது என்று அந்த மனிதர் மனதார நம்பினார். கமீலாவோ அன்று பின்நேரமே வேலியடிக்கு வந்து, "அக்கா, நீங்களும் ஒங்கட கோயில்ல ஒரு சொல்லுச் சொல்லி வைங்க," என்று என்னையும் வேலைக்கு அமர்த்திவிட்டுப் போனாள்.

இறுதி ஆட்டம் சிலாபத்தில். வாடகை பஸ்ஸில் தெருவே ஏறிவிட்டது. அங்கே ஆட்டம் வெளியில் இல்லை, மூடிய மண்டபத்துக்குள். எங்கள் பெடியன்கள் அதுவரை ஆடிய இடமெல்லாம் புத்தளம், முந்தல் என்று கரையோரத்து வெளிதான். உள்ளே போனதும் எல்லாரும் வாயைப் பிளந்தோம். முகம் தெரிகிற மரத்தரை, நாலு பக்கமும் சுவர். கதவைச் சாத்தியதும் வேர்த்துக் கொட்டியது. பெண்கள் முந்தானையாலும் ஆண்கள் பத்திரிகையாலும் விசிறிக்கொண்டோம்.

ஹிஷாம் எறிந்த முதல் பந்து பலகையின் ஓரத்தில் பட்டு வெளியே போயிற்று. இரண்டாவதும் அதே ஓரம். வேறொருவன் எறிந்தான், அதுவும் அதே பக்கம். எங்கள் அணி எறிந்த பந்தெல்லாம் சொல்லிவைத்தாற்போல் மேற்குப் பக்கம் விலகி விலகிப் போயிற்று.

நோய்க்குக் காரணம் சொல்ல எங்களிடம் ஆளா இல்லை? புதுச் சப்பாத்து வழுக்குது என்றார் ஒருவர். கண்ணூறு என்றாள் கமீலா. வழியில் வாங்கிக் கொடுத்த சோற்றுப் பார்சல் சரியில்லை என்றார் முத்தலிபு. அதை வேறு கடையில் வாங்கியதில் அவருக்கு ஏற்கெனவே மனத்தாங்கல். சுஹைர் சேர் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். எனக்குப் பக்கத்தில் இருந்த சிலாபத்து மனிதர் ஒருவர், "என்ன அக்கா, ஒங்கட பொடியன்கள் சுவருக்கா அடிக்கிறாங்க?" என்று நல்ல தமிழிலேயே கேட்டார். நான் முந்தானையால் விசிறுவதில் மும்முரமானேன்.

இடைவேளையில் பதினொரு புள்ளி பின்னால் நின்றோம். செய்னுலாப்தீன் நானாவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

"நான் சொன்னனா இல்லையா? தட்டித் தட்டி எங்க போனாங்க? பாலா, இப்ப சொல்லு!"

"இன்னும் கொண்டுபோகவேணும் நானா. கிட்டப் போகாமல் எறியிறாங்கள், அதுதான் பிழை."

"கிட்டப் போறதுக்குள்ள மற்றவன் பறிக்கிறானே, கண் இல்லையா ஒனக்கு? மேல எறிய..."

"அல்லாஹ்வே," என்றாள் கமீலா, முக்காட்டின் நுனியால் விசிறிக்கொண்டு. "ஒரு பொட்டுக் காத்தில்ல. மூச்சு முட்டுது."

செய்னுலாப்தீன் நானாவின் வாய் திறந்தபடியே நின்றது.

அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். சுவரில் கட்டியிருந்த கடதாசிக் கொடிகளைப் பார்த்தார், ஒன்றும் அசையவில்லை. ஆட்டம் திரும்பத் தொடங்கி, ஹிஷாம் எறியப் போகிறபோது மகனின் தோளைப் பார்த்தார். அந்தத் தோள் பலகையை நேராகப் பார்க்காமல், ஒரு விரற்கடை மேற்கே, கடல்பக்கம் திரும்பி நின்றது. சின்ன வயதிலிருந்து சோளகத்துக்கு எதிராகப் பிடித்து எறிந்து பழகிய தோள். கடல் எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியும். இங்கே காற்று உள்ளே வராது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. உயர எறிந்தால் காற்று கொண்டுபோய்விடும் என்றுதான் அவன் பந்தைத் தரையோடு தரையாகவே கொண்டு திரிகிறான் என்பதும் அவருக்கு அந்த இடத்தில்தான் விளங்கியிருக்கவேண்டும்.

அதற்குப் பிறகு நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. ஆட்டத்தைப் பார்க்க ஊரே இருந்தது. செய்னுலாப்தீன் நானாவைப் பார்க்க நான் ஒருத்திதான்.

மனிதர் எழும்பினார், இருந்தார். தொப்பியைக் கழற்றி மடித்தார், விரித்துத் திரும்பவும் போட்டார். தண்ணீர்ப் போத்தலை வாங்கிக் குடிக்காமலே கொடுத்தார். கதவு மட்டும் போனார், வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன், திரும்பி வந்தார். வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் மகன் அடுத்த கிழமை விமானத்தில். வாயைத் திறந்தால், சாட்சி வைத்துக் கொடுத்த வாக்கு.

"ஒங்களுக்கு என்ன செய்யுது?" என்றாள் கமீலா.

"ஒண்டுமில்ல. பேசாம இரு."

அந்த நேரம் பார்த்துப் பாலச்சந்திரன் எழும்பி நின்று கத்தினார்: "கொண்டுபோ ஹிஷாம்! எறியாதை! கொண்டுபோ!"

அது போதுமாக இருந்தது. விசாவைப் பறிகொடுக்க அந்த மனிதரால் முடியும். பிழையான யோசனை ஒன்றைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது. உட்கார்ந்திருந்த வாங்கின்மேல் ஏறிவிட்டார்.

"டேய் ஹிஷாம்! இங்க காத்தில்லடா! நேரா எறி! காத்தில்ல, மேல போடு! ஜெனோசனுக்கு மேல போடு!"

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஹிஷாமும் பார்த்தான். பந்தை ஒரு தரம் தரையில் தட்டினான். பிறகு, எங்கள் மைதானத்தில் அவன் ஒருநாளும் செய்யாததைச் செய்தான்: பந்தை உயரத் தூக்கி எறிந்தான். அது அவசரமில்லாமல், விலகாமல், நேராகப் போயிற்று. பந்து காற்றில் விலகும் என்று எதிர்பார்த்து ஜெனோசன் கையை மறுபக்கம் நீட்டியிருந்தான். பந்து அவன் நெற்றியில் விழுந்தது.

"நான் சொன்னனான்தானே!" என்று பாலச்சந்திரன் தலையில் கைவைத்தார். சிலாபத்துக்காரர்கள் சிரித்தார்கள்.

அடுத்த தரம் ஜெனோசன் கையை நேரே உயர்த்தினான். அவனுக்கு மேலே எட்ட அந்த மண்டபத்தில் ஆள் இல்லை. பிறகு பந்து போய்க்கொண்டே இருந்தது. தடுக்க இரண்டு பேர் அவனிடம் ஓடினால் ஹிஷாம் தள்ளி நின்று தானே எறிந்தான், தோளை நேராக்கிக்கொண்டு. ஒவ்வொரு பந்துக்கும் செய்னுலாப்தீன் நானா வாங்கில் குதித்தார். கமீலா கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தபடி இருந்தாள். எங்கள் பக்கம் சத்தம் வந்தால் மட்டும் திறப்பாள். முடிவு விசில் ஊதும்போது எங்களுக்கு ஒரு புள்ளி கூடுதல்.

பாலச்சந்திரன் பாய்ந்து செய்னுலாப்தீன் நானாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டார். அவர் வாங்கிலிருந்து இறங்காமல், கையை உயர்த்தியபடியே நின்றார். தான் என்ன செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் முகத்தில் மெல்ல மெல்ல ஏறியது. கீழே கமீலா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள்.

"அழுறியா, சிரிக்கிறியா?" என்றார்.

"ரெண்டும்தான். இறங்குங்க, வாங்கு முறியப்போகுது."

திரும்பி வருகிற பஸ்ஸில் இரண்டு கட்சியும் வென்றுவிட்டது. பாதித் தூரம் தட்டிக்கொண்டு வந்து கொடுத்தது யார் என்று ஒரு கட்சி; மேலே எறியாமல் புள்ளி எங்கேயிருந்து வந்தது என்று மற்றக் கட்சி. முந்தல் தாண்டியும் அடங்கவில்லை. செய்னுலாப்தீன் நானா மட்டும் முன்சீட்டில் தனியே இருந்தார். ஹிஷாம் போய்ப் பக்கத்தில் இருந்தான். நான் அவர்களுக்குப் பின்சீட்டில், கண்ணை மூடிக்கொண்டு.

"வாப்பா."

"ம்."

"நீங்க சொல்லியிராட்டி எல்லாப் பந்தும் வெளியதான் போயிருக்கும்."

"தெரிஞ்சா சரி."

"அப்ப... கட்டார்?"

பஸ்ஸுக்குள் இரண்டு கட்சியும் ஒரே நேரத்தில் வாயை மூடி, இருட்டத் தொடங்கியிருந்த தென்னந்தோட்டங்களை அக்கறையாகப் பார்க்கத் தொடங்கின. செய்னுலாப்தீன் நானா போனை எடுத்தார்.

"வஅலைக்குமுஸ் ஸலாம். ஓம், ஹிஷாம்ட வாப்பாதான். மகன் வரமாட்டான் தம்பி... இல்ல, சுகமில்லாம ஒண்டுமில்ல. ஆட்டம் இருக்கு... ஓம், ஆட்டம்தான். வெளங்குது, காசு போகும்தான்... நீங்க ஏசுறது சரி. ஆனா கேளுங்க. மண்டபத்துக்குள்ள காத்தில்ல. அப்ப பந்தை..."

தரையில் தட்டுவதிலிருந்து தோளை நேராக்குவதுவரை எல்லாம் விளக்கிச் சொன்னார். ஏஜென்சிக்காரன் எப்போது வைத்தானோ தெரியாது; பாலாவிச் சந்தியில் பஸ் திரும்பும்வரை இவர் வைக்கவில்லை. "ஹிஷாம் கொண்டுவந்து குடுத்ததையும் சொல்லுங்கோ நானா!" என்று பின்னாலிருந்து பாலச்சந்திரன் கத்தினார்.

போனைச் சட்டைப் பைக்குள் போட்ட பிறகும் அவருடைய கை சும்மா இருக்கவில்லை. முழங்காலில் தட்டிக்கொண்டே இருந்தது. பிறகு சட்டென்று மகன் பக்கம் திரும்பினார்.

"குருநாகல்ல ஆட்டம் உள்ளுக்கா, வெளியயா? கேட்டு வச்சியா இல்லையா?"