மெர்சியின் கிரைண்டரும் ஆல்வினின் பாட்டும்

ஆல்வினுக்கு உலகப் புகழெல்லாம் வேண்டாம். தான் போட்ட பாட்டை ஒரே ஒரு தடவை, ஊளைச் சத்தம் இல்லாமல் கடைசி வரி வரைக்கும் பாடி முடித்தால் போதும். அவன் படித்த பீளமேட்டு இன்ஜினியரிங் கல்லூரியில் அது உலகப் புகழைவிடக் கஷ்டம். ஆண்டு விழாவின் சொந்தப் பாட்டுப் போட்டியில் இதுவரை எவனும் பல்லவியைத் தாண்டி உயிரோடு போனதில்லை.

வீட்டில் தேனாக இருந்த பாட்டு, ஒத்திகையில் ஆறிப்போன உப்புமாவாகக் கிடந்தது. டிரம்ஸ் வாசிக்கும் முகமது ரியாஸ், ஆல்வின் போனில் பதிந்து வைத்திருந்ததை வாங்கிக் கேட்டான்.

"டேய், பின்னால தரதரன்னு என்னமோ ஓடுதேடா?"

"எங்கம்மாவோட கிரைண்டர்டா."

"பாட்டே அதுதான்டா. நீ சும்மா கூடப் பாடியிருக்கறே."

ஆல்வினின் அம்மா மெர்சி இட்லி மாவு விற்பவர். விடிந்தால் வீட்டில் கல் சுற்றத் தொடங்கிவிடும். ஆல்வினின் மெட்டுகள் எல்லாமே அந்த வேகத்தில், அந்த ரீங்காரத்தையே சுருதியாகப் பிடித்துப் பிறந்தவை. பதிந்த சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தார்கள். மேடையில் லாரி நிற்பது போல் இரைந்தது. அசல் கல்தான் வேண்டும்.

"கிரைண்டர் தர்றதுக்கென்ன கண்ணு," என்றார் மெர்சி. "ஆனா வெறுங்கல்ல ஓட்டிப்போடாதீங்க, தேஞ்சு போயிரும். உளுந்த ஊற வெச்சு எடுத்துட்டு நானே வாரேன்."

"மேடைக்காம்மா?"

"பின்னே? மாவ யாரு தள்ளி உடுவாங்க, உன்ற சிநேகிதனா?"

போட்டியன்று தொகுப்பாளன் சசிதர் முகம் மாறாமல் அறிவித்தான்: "பாட்டு, ஆல்வின். டிரம்ஸ், ரியாஸ். கிரைண்டர், மெர்சி அம்மா."

ஊளையிடத் திறந்த வாய்கள் திறந்தபடியே நின்றன. கல் சுற்றியது. மாவு கெட்டிப்படக் கெட்டிப்பட, கல்லின் ரீங்காரம் இறங்கியது. ஆல்வின் தோளில் மாட்டியிருந்த கிடாரைக் கைவிட்டு, குரலையும் அதோடு கூடவே இறக்கினான். மெர்சி ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினார். சத்தம் எகிறியது, ஆல்வினும் எகிறினான், ரியாஸ் பின்னால் ஓடி வந்து பிடித்தான். 'துணிச்சலான சுருதி மாற்றம்' என்று நடுவர் ஒருவர் குறித்துக்கொண்டார். கடைசி வரி முடிந்தது. அரங்கம் நாற்காலி மேல் ஏறியது.

சசிதர் சுவிட்சை அணைக்கப் போனான்.

"ஏனுங் தம்பி, கை வெக்காதீங்க! உளுந்து இன்னும் பொங்கலீங்க!"

"நேரம் முடிஞ்சுதுங்கம்மா."

"உங்களுக்கு முடிஞ்சுதுங்க. உளுந்துக்கு முடியலீங்க. நாளைக்கு இட்லி கல்லாட்டம் வந்தா எங்க தெருவுக்கு நீங்களா வந்து பதில் சொல்லுவீங்க?"

தெரு வேண்டாம் என்று சசிதர் பின்வாங்கினான். சுருதி ஓடும்போது சும்மா நிற்க ஆல்வினால் முடியவில்லை. பல்லவியிலிருந்து மறுபடி தொடங்கினான். இந்தத் தடவை அரங்கமும் பாடியது. மூன்றாம் சுற்றில் அவன் தொண்டை கட்டிக்கொண்டது. அதை யாரும் கவனிக்கவில்லை. நேர மீறலுக்காக அவனை நீக்குவதா என்று விவாதித்த நடுவர்கள், மேசையில் தாளம் போட்டபடியே விவாதித்தார்கள், பிறகு நீக்கினார்கள்.

மெர்சி ஒரு துளி மாவைத் தண்ணீர் டம்ளரில் விட்டார். மிதந்தது, பதம் வந்துவிட்டது. சுவிட்சை அணைத்தார். கல் நின்றது, பாட்டு நிற்கவில்லை.

ஆல்வினும் ரியாஸும் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டியபோது, உள்ளே இரண்டாவது சரணம் போய்க்கொண்டிருந்தது. உள்ளே இருந்தவர்கள் வரியைத் தப்பாகப் பாடினார்கள். ஆல்வினுக்கு அது இன்னும் நன்றாக இருப்பதாகப் பட்டது.