வலது பக்க நாற்காலி

முதலாளியின் வலது பக்க நாற்காலி என்னுடையது. வால்வு செய்யும் இந்தக் கம்பெனி ஒற்றை ஷெட்டாக இருந்த காலத்திலிருந்தே இதற்கு ஆடிட்டர் நான்தான். இன்று அந்த நாற்காலி வருகிறவர்களுக்கு, எனக்குச் சுவரோரம். வெளிநாட்டில் கிளை திறக்கிறார்களாம். அங்கேயும் ஆபீஸ் உள்ள ஆடிட்டர் வேண்டுமாம். "நீங்களே பார்த்துச் சொல்லுங்க மேடம். எங்க வண்டவாளமெல்லாம் உங்களுக்குத்தானே தெரியும்" என்றார் முதலாளி. என் இடத்துக்கு ஆள் பார்க்க என்னையே கூப்பிடுகிற பெருந்தன்மை.

முதலில் வந்தவர்கள் உலக வரைபடத்தைத் திரையில் போட்டு, தங்கள் ஆபீஸ்களைப் புள்ளி புள்ளியாகக் காட்டினார்கள். அடுத்து வந்தவள் என் தங்கை.

எனக்கு வயிறு எரிந்தது. நான் திரும்பத் திரும்ப எழுதித் தேறிய ஆடிட்டர் பரீட்சையை ஒரே மூச்சில் தாண்டியவள். பெரிய ஆடிட் நிறுவனத்தில் பங்குதாரர். அம்மா யாரிடம் பேசினாலும் சின்னவள் புராணம்தான்.

மாட்டட்டும் என்றே கேட்டேன். "அங்க கோடவுன்ல சரக்கு எண்ண யாரு போவா?"

"எங்க ஆளுங்க அங்கயே இருக்காங்க. அந்த ஊர் பேங்க்ல எங்க கையெழுத்துன்னா கேள்வி கேக்க மாட்டாங்க. ஆனா எந்த வால்வு விக்காம தேங்கும்னு அக்காவுக்குத்தான் தெரியும். மொத வருஷம் அவங்களக் கேட்டுத்தான் செய்வோம்."

திணறியிருந்தாலாவது மன்னித்திருப்பேன்.

டீ கொண்டுவந்த ஆயா ஆளைப் பார்க்கவில்லை, நாற்காலியைப் பார்த்து வைத்துவிட்டுப் போனார். என் சர்க்கரையில்லாத டீ தங்கைக்குப் போனது. விருந்தாளிக்கான இனிப்பு டீ எனக்கு. மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டாலும் போதாது என்கிற தங்கை, முகம் சுளிக்காமல் அதைக் குடித்து முடித்தாள். அதுவும் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு முதலாளி என் பக்கம் திரும்பினார். "யாரை எடுக்கலாம் மேடம்? தங்கச்சிங்கறதுக்காகச் சொல்லாதீங்க."

மகராசன், வழியை அவரே காட்டிவிட்டார்.

"அதான் சார் எனக்கும் சங்கடமா இருக்கு" என்றேன். "சொந்தம்னு வந்துட்டா நான் வாயைத் திறக்கறது நல்லா இருக்காது. பேசாம, மொதல்ல வந்தவங்களை..."

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் தங்கை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாய் அசைவதைக் கண்டதும் சிரித்தாள். சின்ன வயதில் அவள் உடைத்த சாமான்களுக்காக நான் அம்மாவிடம் பரிந்து பேசும்போது, கதவிடுக்கில் நின்று சிரிப்பாளே, அதே சிரிப்பு.

"ம், மொதல்ல வந்தவங்களை?" என்றார் முதலாளி, பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே.