சரிக்கட்ட முடியாத நட்சத்திரம்

துறைத்தலைவர் வழக்கம்போலக் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தபோது, அவள் கணினித்திரையை முறைத்துக்கொண்டிருந்தாள். நட்சத்திரத்தின் உள்ளே நடப்பதைக் கணக்கிடும் நிரலின் ஓட்டம் மறுபடியும் பாதியில் நின்றுபோயிருந்தது.

"ஏம்மா இப்படி மல்லுக்கட்டுற? எல்லாரும் போடுற எண்ணைப் போட்டு வேலைய முடி."

அந்த எண்ணைப் பற்றிப் பேச்செடுத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கனமான நட்சத்திரத்தின் நடுப்பகுதியான கரு உலைநீர் போலக் கொதித்துப் புரளும். சூடான வாயு மேலே ஏறும், ஆறியது கீழே இறங்கும். கொதிப்பு முடியும் எல்லையில் வாயு சமர்த்தாக நின்றுவிடாது. வந்த வேகத்தில் கொஞ்சம் தாண்டிப்போய், வெளியே சும்மா கிடக்கும் ஹைட்ரஜனை உள்ளே இழுத்து வரும். அத்தனையும் எரிபொருள். நட்சத்திரத்தின் ஆயுள் அந்த அளவுக்கு நீளும். எவ்வளவு தூரம் தாண்டுகிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாததால், ஆளாளுக்கு ஓர் எண்ணைப் போட்டு விடையைச் சரிக்கட்டுவார்கள். தலைவருக்கு 'சரிக்கட்டி' என்றே பட்டப்பெயர்.

எண்ணே வேண்டாம், வாயுவைக் கணினியில் ஓடவிட்டு அது எங்கே போகிறதென்று பார்த்துவிடலாம் என்று இறங்கியவள் அவள். பாதி நாள் ஓட்டம் படுத்துவிடும். தப்பித்தவறி முடிந்ததை நாத்தனார் வந்து கெடுப்பாள்.

நாத்தனாருக்கு அதே நிறுவனத்தில் மேல்மாடியில் அறை. நட்சத்திர ஒளியின் மெல்லிய துடிப்புகளை அளந்து, உள்ளே என்ன நடக்கிறதென்று சொல்வது அவள் வேலை. வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் அதே பேச்சுதான்.

"அண்ணி, உங்க கரு ரொம்பச் சின்னது."

"சாப்பிடும்போதாவது என் கருவ விடேன்!"

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த கணவன் புரையேறி எழுந்து போனான்.

"கோவிச்சுக்காதீங்க. நீங்க ஓட்டிப் பாக்குற அந்த நட்சத்திரம் உள்ளுக்குள்ள பயங்கரமா சுத்துது. அதச் சேர்த்தீங்களா?"

"இத ஏண்டி இத்தனை மாசமா சொல்லல?"

"எனக்கே போன வாரந்தான் தெரிஞ்சுது."

சுழற்சியைச் சேர்க்கப் போனால் நிரலில் பாதி உதவாமல் போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்ப எழுதினாள். இந்த முறை ஓட்டம் நிற்கவில்லை. எல்லையில் வாயு சுழித்து உரசி, அவள் நினைத்ததைவிட வெளியே போய் ஹைட்ரஜனை அள்ளி வந்தது. கரு பெருத்தது. நாத்தனாரின் அளவோடு கச்சிதமாகப் பொருந்தியது.

அதே நிரலை நாத்தனார் அளந்திருந்த இரண்டாவது நட்சத்திரத்துக்கு ஓட்டினாள். ஒத்துவரவில்லை. கிட்டக்கூட வரவில்லை.

தலைவர் உற்சாகமாகிவிட்டார். "இதுக்கு மட்டும் சின்னதா ஒரு எண்ணு..."

"போட மாட்டேன் சார்."

"அப்ப அந்த நட்சத்திரத்தையே கட்டுரையிலேர்ந்து தூக்கிடு."

"தூக்கவும் மாட்டேன். ஒண்ணு பொருந்துது, ஒண்ணு பொருந்தல. உள்ளத உள்ளபடி எழுதுறேன்."

"அப்போ என் பேரத் தூக்கிடு."

தூக்கிவிட்டாள். அன்று முழுக்க யார் பேசினாலும் எரிந்து விழுந்தாள்.

கட்டுரை வெளிவந்த பிறகு, வேறெங்கோ இருக்கும் ஓர் ஆய்வுக்குழு எழுதிக் கேட்டது: எங்களிடமும் உங்கள் இரண்டாவது நட்சத்திரம் போலவே ஒன்று அடம்பிடிக்கிறது, சேர்ந்து பார்க்கலாமா?

இன்னொன்றா என்று தலையில் கைவைத்துக்கொண்டாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு, அது எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று முதலில் சொல்லுங்கள் எனப் பதில் அடிக்கத் தொடங்கினாள்.