லோகநாயகியின் இழுப்பு

எங்கள் தெருவில் காட்டுக்கறியை எவரும் ருசிக்காகத் தின்பதில்லை, வியாதிக்காகத்தான் தின்பார்கள். இப்படி ஒரு விதி இருப்பதாக யாரும் வாய்விட்டுச் சொன்னது கிடையாது. ஆயினும் சிதம்பரத்திலிருந்து கீரப்பாளையம் போகும் சாலையை ஒட்டிய அந்த நாற்பது வீடுகளில் அதை மீறியவர் ஒருவரும் இல்லை. உடும்பு இடுப்புவலிக்கு, நத்தை மூலத்துக்கு, பழந்தின்னி வௌவால் மூச்சிரைக்கும் இழுப்புக்கு என்று ஒவ்வொரு கறிக்கும் ஒரு நோய் ஒதுக்கப்பட்டிருந்தது. பரிமாறுகிற பெண் கரண்டியை ஏந்தியபடி, "ஒடம்புக்கு என்ன?" என்று கேட்பாள். இலையின் முன் அமர்ந்தவர் தம் நோயைச் சொன்ன பிறகே கரண்டி கீழே இறங்கும். உடும்பு அகப்பட்ட நாளில் தெருவின் ஆண்களில் பாதிப்பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பதும், மறுநாள் அவர்களே நெல்மூட்டை சுமப்பதும் எங்களுக்கு வியப்பளித்ததில்லை. ஆட்டுக்கும் கோழிக்கும் காரணம் வேண்டாம். அவை மரியாதையான கறிகள். மரத்தில் தொங்குவதையும் வளையில் பதுங்குவதையும் ஆசைப்பட்டுத் தின்றால் வக்கற்றவர்கள் என்ற பெயர் வந்துவிடும். நோயாளிக்கு மட்டும் அந்தப் பழி இல்லை.

அரிசி ஆலை மேஸ்திரி அய்யனாரின் மகள் லோகநாயகிக்கு ஆறாம் வயதில் இழுப்பு கொடுக்கப்பட்டது. பங்குனியில் இலுப்பை பூக்கும். அந்தப் பூவைத் தின்று கொழுத்த வௌவால்களைப் பக்கிரி என்பவன் வலை கட்டிப் பிடித்து வீடு வீடாகக் கொண்டுவருவான். தகப்பனாரின் இலையிலிருந்து ஒரு துண்டைத் தின்ற சிறுமி, இன்னொரு துண்டு கேட்டாள். கேட்பதற்கு நோய் வேண்டுமே. தாய் சின்னம்மாள் இழுப்பைத் தேர்ந்தெடுத்தாள். அன்றுமுதல் பதினான்கு ஆண்டுகளாகப் பங்குனிதோறும் லோகநாயகிக்கு இழுப்பு வந்தது; சட்டி காலியானதும் விலகியது. மற்றபடி அவள் ஆரம்பப் பள்ளியில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தால் மூன்று தெருக்கள் சேர்ந்து கணக்குப் படித்தன.

நாற்பத்தாறாம் ஆண்டு கடலூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ராஜாமணி துறைமுகத்தில் குமாஸ்தா. கம்மாபுரத்தில் நடந்த ஒரு கல்யாணப் பந்தியில், பாயசத்தை மூன்றாம் முறையும் வெட்கப்படாமல் கேட்டு வாங்கிக்கொண்ட அவனை லோகநாயகி கவனித்திருந்தாள். அதற்கு முன் வந்த மூன்று இடங்களையும் ஏதேதோ சொல்லித் தட்டிக்கழித்தவள், இந்த இடம் அமையாவிட்டால் வேறு இடம் பார்க்கவே வேண்டாம் என்று தாயிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை சாயங்கால ரயிலில் வருவதாகக் கடிதம் வந்திருந்தது. அந்த ரயில் ராகுகாலத்தில் சிதம்பரம் சேரும் என்பது கடைசி நேரத்தில்தான் அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. காலை ரயிலிலேயே ஏறிவிட்டார்கள். அன்று காலை பக்கிரி நான்கு வௌவால்களைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். ராஜாமணியும் அவன் தாய் சௌந்தரமும் இரண்டு உறவினர்களும் வாசலில் வந்து நின்றபோது, கொல்லை அடுப்பில் மிளகும் பூண்டும் இட்ட சட்டி கொதித்துக்கொண்டிருந்தது.

சௌந்தரம் நிலைப்படியிலேயே நின்று முகர்ந்தாள். அவள் கணவர் இழுப்பால் இறந்தவர். கடைசி மூன்று பங்குனியும் அவருக்கு அவள் தன் கையால் வௌவால் சமைத்துக் கொடுத்திருந்தாள். அந்த வாசனை அவளுக்குத் தப்பாது. விருந்தாளிகளைப் பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டுப் பட்டம்மாளை மெல்லத் தனியே அழைத்து, அடுப்பில் என்ன என்று விசாரித்தாள்.

பட்டம்மாள் அய்யனார் குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றத் துணிந்தாள். அந்த வீட்டார் வௌவாலை ஆசைப்பட்டுத் தின்கிறவர்கள் என்று கடலூர்க்காரி நினைத்துவிடக் கூடாது.

"அது மருந்துங்க. பொண்ணுக்குச் சின்ன வயசுலேருந்தே இழுப்பு. வருசா வருசம் தவறாம குடுத்துடுவாங்க."

சௌந்தரத்தின் முகம் வெளுத்தது. திரும்பி வந்தவள் வெற்றிலைத் தட்டைத் தொடாமல், ஊருக்குப் போய் லெட்டர் போடுவதாக அய்யனாரிடம் சொன்னாள். லெட்டர் என்றால் என்ன பொருள் என்பது எல்லோருக்கும் தெரியும். பதறிப்போன அய்யனார், இழுப்பு மகளுக்கு இல்லை, தமக்குத்தான் என்றார். பரம்பரை நோய் என்பது உறுதியானதைப்போல உறவினர் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். நிலைமையைச் சீராக்கும் நோக்கத்தோடு பட்டம்மாள், இந்தத் தெருவில் எல்லோருக்குமே இழுப்பு உண்டு என்றாள். உறவினர்கள் பைகளை எடுத்துக்கொண்டார்கள். ராஜாமணி மட்டும் எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தான்.

புறப்படுமுன் கைகால் அலம்பச் சௌந்தரம் கொல்லைக்குப் போனாள். லோகநாயகி அடுப்பின் முன் குனிந்து ஊதுகுழலில் ஊதிக்கொண்டிருந்தாள். ஒரே மூச்சு, நீண்டு, நிற்காமல் போய், அணைந்திருந்த விறகு மூன்றும் பற்றிக்கொண்டன. சௌந்தரம் கையில் எடுத்த செம்போடு நின்றுவிட்டாள். அவள் கணவரால் கடைசி நாட்களில் ஒரு விளக்கைக்கூட ஊதி அணைக்க முடியவில்லை.

லோகநாயகி எழுந்து, உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"அத்தே, எனக்கு இழுப்பு கெடையாது."

"அப்ப அந்தச் சட்டி?"

"ஆசதான். நாலு வௌவால்ல மூணு நான்தான் சாப்புடுவேன். வெளியில சொல்லிடாதீங்க."

பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைக் காப்பாற்ற நினைக்கும் பெண், இத்தனை மானக்கேடான பொய்யைத் தேர்ந்தெடுக்க மாட்டாள். அது சௌந்தரத்துக்கு உடனே விளங்கியது. அவள் தோள் குலுங்கிற்று. முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூடத்துக்குத் திரும்பினாள். உறவினர்களிடம் பையைக் கீழே வைக்கச் சொன்னாள். பிறகு தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, தனக்கு ஓர் இலை போடும்படி கேட்டாள்.

சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டுச் சோற்றில் கை நனைப்பது அந்தப் பக்கத்து வழக்கமில்லை. கை நனைத்தால் பேச்சு முடிந்தது என்று பொருள். செய்தி பரவி, ஜன்னலிலும் வாசலிலும் பாதித் தெரு கூடிவிட்டது. ராஜாமணி யாரும் சொல்லாமலே தாயின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

சின்னம்மாள் சோறு வைத்தாள். சட்டியைக் கொண்டுவந்தாள். கரண்டியை உயர்த்தியவளின் வாயிலிருந்து இருபது வருடப் பழக்கம் தானாக வந்தது.

"ஒடம்புக்கு என்னங்க?"

பட்டம்மாள் குனிந்து, இழுப்பு வேண்டாம், இடுப்புவலி என்று சொல்லிவிடும்படி சௌந்தரத்தின் காதில் ஓதினாள்.

"கடலூர்லயும் இதே கததான்மா. உடும்பு சமைக்கறப்பல்லாம் இடுப்புவலி, இடுப்புவலின்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய்தான் வலிக்குது," என்று ஜன்னல்வரை கேட்கும்படி சொன்னாள் சௌந்தரம். "எனக்கும் ஒண்ணும் இல்ல, எம் மருமவளுக்கும் ஒண்ணும் இல்ல. ருசியா இருக்கும்னுதான் கேக்கறேன். கொஞ்சம் ஜாஸ்தியாவே போடுங்க."