இருபது தோட்டா, இருபத்திரண்டு உறுமல்

கஸ் டாலிவரின் விளையாட்டுக் கூடத்துக் கரடியைப் போல ஒரு கரடி மிச்சிகன் காடுகளிலேயே கிடையாது. கண்ணாடிப் பெட்டிக்குள், வர்ணம் தீட்டிய பைன் மரங்களுக்கு நடுவே அந்த இயந்திரக் கரடி ஓயாமல் நடந்துகொண்டிருக்கும். பன்னிரண்டு அடி தள்ளி, கம்பத்தில் பூட்டிய துப்பாக்கி. அதிலிருந்து பாய்வது குண்டல்ல, ஒரு சொட்டு வெளிச்சம். கரடியின் விலாவிலுள்ள சின்னக் கண்ணாடி வட்டத்தில் அது பட்டால் போதும்: கரடித் துரை எழுந்து நிற்பார், ஏரிக்கரையில் படுத்திருக்கும் நாய்களெல்லாம் தண்ணீரில் குதிக்கும்படி உறுமுவார், பிறகு திரும்பி எதிர்ப்பக்கம் நடப்பார். பெட்டியின் தலையில் எண் ஒன்று கூடும். ஓர் ஆட்டத்துக்கு இருபது தோட்டா.

பக்கத்தில் ஒரு கரும்பலகை. பதினோரு வருஷமாக அதில் ஒரே பெயர்: ரீக்கா பூர்ஸ்மா, இருபதுக்கு இருபது. அவள் பீச் பழங்களை டப்பாவில் அடைக்கும் ஆலையில் வேலை பார்ப்பவள். ஆலையில் ஆயிரம் பீச் உரித்தாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தெருவில் இறங்கினால் "கரடிக்காரி" என்று மேயரே தொப்பியைத் தூக்குவார்.

1961 செப்டம்பர், தொழிலாளர் தின விடுமுறை, சாயங்காலம். மான் வேட்டைக்காரன் லைல் வாண்டர்மோலன் துப்பாக்கியைத் தோளோடு அணைத்துப் பிடித்தான். அவனும் இருபது அடித்தால் பலகை அவனுக்கு, ரீக்காவின் பெயர் அழியும் என்பது பேச்சு.

"எழுத்து பழசாயிடுச்சு அத்தை. இன்னைக்குத் துடைச்சுடலாம்" என்றான், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரீக்காவிடம்.

"துடை ராசா. போன நவம்பர்ல நீ சுட்டுச் சாய்ச்ச மான், உங்க தோட்டத்துலயே முட்டைக்கோஸ் மேயுதாமே."

கூட்டம் சிரித்தது. லைல் சுட்டான். பதினாறாவது மட்டும் பைன் மரத்துக்குப் போனது. மற்றதெல்லாம் விலாவில். கடைசித் தோட்டா முடிந்தபோது எண் பத்தொன்பது. ரீக்காவுக்கு மூச்சு வந்தது. லைல் துப்பாக்கியிலிருந்து கையை எடுத்தான்.

உள்ளே புழுக்கம் தாங்காமல், ஏரிப் பக்கக் கதவை அந்த நேரம் பார்த்து விரியத் திறந்தார் கஸ்.

கரடி எழுந்து உறுமியது. இருபது. திரும்பியது, மறுபடி உறுமியது. இருபத்தொன்று. யாரும் துப்பாக்கியைத் தொடவில்லை. இருபத்திரண்டு.

"பாத்தீங்களா அத்தை, என் பேரைக் கேட்டே பயப்படுது" என்றான் லைல்.

"மூடுய்யா கதவை" என்று யாரோ கத்தினார்கள். ஏரிமேல் இறங்கிய சூரியனின் வெளிச்சம் நேராகக் கரடியின் விலாக் கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது. கஸ் கதவைச் சாத்தியதும் கரடி சாதுவானது.

"சூரியன் சுட்டது கணக்குல வராது. லைல் பத்தொம்பது. ரீக்கா பேரு அங்கயே இருக்கும்" என்றார் கஸ்.

எல்லாரும் கைதட்டினார்கள். ரீக்கா தட்டவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன், அவளுடைய கடைசித் தோட்டாவின்போது யாரோ ஏரிப் பக்கக் கதவைத் திறந்துகொண்டு வந்தார்கள். திடுக்கிட்டதில் துப்பாக்கிக் குழல் பைன் மரத்தைப் பார்த்துப் போனது. ஆனாலும் கரடி உறுமியது. துரை தன்மேல் வைத்த மரியாதை என்றே இத்தனை நாள் நம்பியிருந்தாள். அதுவும் ஒரு சாயங்காலம்தான்.

எழுந்து போய்த் தன் கையாலேயே இருபதைத் துடைத்து, பத்தொன்பது என்று எழுதினாள்.

"என்ன ரீக்கா, கிறுக்கா உனக்கு?"

"ஒண்ணு சூரியனோடது கஸ். இன்னைக்குத்தான் புரிஞ்சுது." மூக்குக்கண்ணாடியைச் சட்டை ஓரத்தில் துடைத்து மாட்டிக்கொண்டு துப்பாக்கியைப் பிடித்தாள். "கதவுல முதுகைக் குடுத்து நில்லு. காத்து கூட வரக் கூடாது."

கஸ் நின்றார். அவர் முதுகு கதவைவிட அகலம்.

முதல் உறுமலில் கூட்டம் பேச்சை நிறுத்தியது. பத்தாவதில் சோளப்பொரிக்காரன் கரண்டியோடு வந்து நின்றான். பதினாறாவதில் லைல் தன்னையறியாமல் தொப்பியைக் கழற்றினான். கரடி எந்தப் பக்கம் திரும்பும் என்று கரடிக்கே தெரியுமுன் ரீக்காவின் குழல் அங்கே காத்திருந்தது. கடைசி உறுமலில் கூரைத் தகரம் ரெண்டு அங்குலம் எழும்பி உட்கார்ந்தது. பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சாக்கட்டியை எடுத்தவன் லைல்தான். ரீக்கா பூர்ஸ்மா, இருபதுக்கு இருபது என்று பெரிதாக எழுதினான். கொஞ்சம் யோசித்து, அடியில் சின்னதாக இன்னொரு வரி சேர்த்தான்: கதவு மூடியிருந்தது.