வீட்டில ஒருதர்

"இதையும் கொண்டுபோறீரோ, இல்லாட்டி நாங்களே எறிஞ்சுவிடவோ?" என்று மிருக வைத்தியர் கேட்டபோது அவருடைய கையில் ஒரு கறுப்புப் பொலித்தீன் பை இருந்தது. உள்ளே புறூனோவின் வலது பின்னங்கால். கொண்டுபோகிறேன் என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. எறிவது என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் இருந்து பண்ணைப் பாலம் கடந்து, வேலணை தாண்டி, கரம்பொன்னுக்கு நிசாந்தனின் ஓட்டோவில் வந்தோம். மடியில் மயக்கம் தெளியாத நாய், காலடியில் அவனுடைய கால். நிசாந்தன் ரோட்டைப் பார்த்ததைவிடக் கண்ணாடியில் என்னைப் பார்த்ததுதான் கூட. வேலணையில் ஒரு தரம் வாய் திறந்தான்.

"குறை நினையாதையுங்கோ அக்கா. வீட்டில ஏசமாட்டினமோ?"

"ஏசுவினம்," என்றேன். "நீர் ஓட்டோவை மெதுவா ஓட்டும்."

ஏசினார்கள். அம்மா வாசலில் நின்று பையைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கோபம் வந்தால் அம்மாவின் குரல் உயராது, இறங்கும். "மனுசருக்கே கால் இல்லாமல் போன ஊர் இது. செல்லடியிலயும் மிதிவெடியிலயும் போன கால்களுக்குக் கட்டத் துணி இல்லாமல் நிண்டனாங்கள். நீ நாய்க்கு ஒப்பரேசன் செய்துகொண்டு வாறாய். உனக்கு வெக்கமா இல்லையோ, ஜொய்சி?" அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போதும் இல்லை. ஆனால் எனக்குப் பதில் தெரியாததற்காக ஒரு நாய் ஏன் சாகவேண்டும் என்பதும் எனக்கு விளங்கவில்லை. பின்வளவில் வேலியோரம் ஆழமாகத் தோண்டிக் காலைப் புதைத்தேன். மண்வெட்டியைக் கழுவி வைத்தேன். புறூனோவை விறாந்தையில் பழைய சீலை விரித்துக் கிடத்தினேன்.

கால் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். என் அண்ணை அன்ரனிதாஸ் கடற்தொழில் செய்கிறவர். ஒவ்வொரு விடியலும் அவருடைய படகுக்குப் பின்னால் புறூனோ நீந்திப்போவான். அண்ணை ஒரு தரம் "போடா வீட்ட" என்று அதட்டினால்தான் திரும்புவான். அன்றைக்கு அண்ணை அண்ணியோடு வாக்குவாதப்பட்டுவிட்டுப் போனவர், அதட்டவில்லை. அந்தக் கோபத்தோடேயே எஞ்சின் கயிற்றை இழுத்தாராம், பின்னால் நீந்தி வந்தவனின் காலில் எஞ்சின் விசிறி வெட்டிவிட்டதாம். படகில் கூடப்போகிற டிலோன் இதை எனக்குப் பிறகு ரகசியமாகச் சொன்னான். அண்ணை வீட்டில் சொன்ன கதை வேறு. பஸ் அடித்துவிட்டதாம். பஸ் அடித்த நாய் கடல்தண்ணீர் சொட்டச் சொட்டவா வீட்டுக்கு வரும்? அண்ணை பொய் சொல்லுகிறவர் இல்லை, அதனால் அவருக்குப் பொய் சொல்லவும் தெரியவில்லை. புறூனோவில் அவருக்கு வெறுப்பு ஒன்றும் இல்லை. நிமிர்ந்து அவனைப் பார்க்கத்தான் அவரால் ஏலாமல் இருந்தது. இது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் நான் இரங்கவில்லை.

முதலில் ஊசி போட்டு முடித்துவிடச் சொன்னார். நான் மாட்டேன் என்றதும் வேறு வழி கண்டுபிடித்தார். "அனலைதீவில கொண்டுபோய் விடுறன். அங்க மீன் தலை கிடைக்கும், பிழைச்சுக்கொள்ளும்."

"மூண்டு காலோட கடற்கரை நாயளிட்டப் போய்ப் பிழைக்குமோ?"

"பிழைச்சாப் பிழைக்கட்டும். இஞ்ச கிடந்து இழுபடுறதை என்னால பாத்துக்கொண்டிருக்க ஏலாது."

"பாக்கவேண்டாம். நான் பாக்கிறன்," என்றேன்.

பார்த்தேன். எனக்கு நண்டுக் கொம்பனியில் வேலை. அவித்த நண்டை உடைத்துச் சதை எடுத்துக் கொடுப்பது. நண்டுக்குக் கால் போனால் திரும்ப முளைக்கும், நாய்க்கு முளைக்காது, இது எனக்கும் தெரியும். காலையில் வேலைக்குப் போகமுன் அவனுடைய வயிற்றுக்குக் கீழே ஒரு துவாயைக் கொடுத்து, இரண்டு நுனியையும் பிடித்துத் தூக்கி வளவுக்குள் கொண்டுபோவேன். மத்தியானம் அரை மணித்தியால இடைவேளையில் சைக்கிளில் ஓடிவந்து அதையே செய்வேன். பின்னேரமும் அதே. தையலை நக்காமல் இருக்க ஒரு பழைய பிளாஸ்ரிக் வாளியின் அடியை வெட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தேன். மருந்துக் குளிசையை மீன் துண்டுக்குள் ஒளித்துக் கொடுத்தால் மீனைத் தின்றுவிட்டுக் குளிசையைத் துப்புவான். எல்லாவற்றையும்விட மூத்திரம்தான் பெரிய பாடு. பழக்கதோசத்தில் மிச்சமிருக்கிற ஒற்றைப் பின்னங்காலைத் தூக்கப் பார்ப்பான். துவாயோடு சேர்ந்து நானும் விழுவேன். அண்ணி றஞ்சனி குசினி யன்னலால் பார்த்து, சிரிப்பை அடக்கமுடியாமல் உள்ளே போய்விடுவார். துவாய் இல்லாமல் அவன் ஒரு நாளும் எழும்பி நிற்கவில்லை. பன்னிரண்டாம் நாள், தையல் வெட்டிய பிறகும் நிற்கவில்லை. அண்ணை நாள் குறித்துவிட்டார். வாற திங்கட்கிழமைக்குள் நாய் நடக்கவேண்டும், இல்லாவிட்டால் படகில் ஏற்றுவார்.

அந்தப் புதன்கிழமை வேலை முடிந்து வரும் வழியில் எங்கள் வேதக்கோவிலுக்குள் போனேன். கோவில் அலுவல் பார்க்கிற மூப்பர், ஞாயிறு பூசையில் யாருக்காக என்ன வேண்டுவது என்று சனம் கொடுத்த கருத்துகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன கருத்து, பிள்ளை?"

"சுகம் வேண்டி."

"ஆருக்கு?"

"எங்கட வீட்டில ஒருதருக்கு. கால் எடுத்தது."

மூப்பர் பேனையை வைத்துவிட்டு "ஐயோ" என்றார். அதற்குமேல் துருவிக் கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்திருப்பார், கேட்கவில்லை. எங்களூரில் மனிதர் என்றால் ஒருதர், மிருகம் என்றால் ஒண்டு. என் வாயில் ஒருதர் என்றுதான் வந்தது. ஏமாற்றும் நோக்கம் இருக்கவில்லை என்று சத்தியம் பண்ணமாட்டேன். ஆனால் இரண்டு கிழமையாக வேளைக்கு வேளை துவாயில் தூக்கித் திரிந்த ஒரு சீவனை ஒண்டு என்று சொல்ல எனக்கு நா எழும்பவில்லை. எங்கள் கோவிலில் எந்த வீட்டுக் கருத்தென்றாலும் அந்த வீட்டு ஆம்பிளையின் பெயரில்தான் எழுதுவது வழக்கம். மூப்பர் வழக்கப்படியே எழுதிக்கொண்டார். நான் எட்டிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அம்மாவும் நானும்தான் போயிருந்தோம். அண்ணை திருநாளுக்கு மட்டும் கோவிலுக்கு வருகிறவர். பூசை வைக்கிற சுவாமி ஊருக்குப் புதிது. தாளைப் பார்த்து நல்ல உருக்கமாக வாசித்தார். "கால் அகற்றும் சத்திரசிகிச்சைக்கு உள்ளாகியிருக்கும் கரம்பொன் அன்ரனிதாஸ் பூரண சுகம் பெறவேண்டி." கோவில் முழுவதும் எங்கள் பக்கம் திரும்பியது. அம்மா என் தொடையில் கிள்ளினார். நாற்பத்தொரு வயது எனக்கு. கடைசி ஆசீர்வாதத்துக்கும் நிற்காமல் என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

நாங்கள் வீட்டு வாசலை மிதிக்கும்போது அண்ணையின் கையில் தொலைபேசி இருந்தது. கனடாவில் இருக்கும் எங்கள் தங்கச்சி பிரியதர்சினி, பூசையை நேரலையில் பார்த்துவிட்டு எடுத்திருக்கிறாள். ஒலிபெருக்கியில் அவளுடைய அழுகை வளவு முழுக்கக் கேட்டது. "அண்ணை, எனக்கு ஏன் ஒருதரும் சொல்லேல்லை? எந்தக் கால் அண்ணை?"

"என்ன எந்தக் கால்?" என்று அண்ணை தன் இரண்டு காலையும் குனிந்து பார்த்தார்.

பத்து மணிக்குப் பிறகு சனம் வரத் தொடங்கியது. பால்மா ரின், தோடம்பழம், பிஸ்கற் பெட்டி, வருத்தக்காரர் வீட்டுக்கு வெறுங்கையோடு யாரும் வருவதில்லை. மாதர் சங்கத்து மனுசி ஒருவர் ஒழுங்கையிலேயே அழத் தொடங்கிவிட்டார். படலையைத் திறந்தால் அண்ணை கதிரையில் ஏறி நின்று வலையைக் கட்டிக்கொண்டிருக்கிறார். தொடங்கிய அழுகையை உடனே நிற்பாட்டத் தெரியாமல் அந்த மனுசி கதிரையைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுதார். ஒவ்வொருவருக்கும் நான்தான் சொன்னேன். அண்ணைக்கு ஒன்றுமில்லை, கால் போனது இவனுக்கு என்று விறாந்தையைக் காட்டினேன். சிலர் சிரித்தார்கள். சிலர் கொண்டுவந்த தோடம்பழத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். கழுத்தில் இன்னும் கழற்றாத வாளியோடு புறூனோ வருகிற எல்லோருக்கும் வாலை அடித்தான்.

மத்தியானத்துக்குக் கிட்ட யாக்கோப்பு அண்ணை வந்தார். தொண்ணூறுகளில் மிதிவெடியில் இடது கால் முழங்காலோடு போனவர், பொய்க்காலோடு சைக்கிளும் ஓடுவார். அவர் மா ரின் கொண்டுவரவில்லை. வெட்டிய காலுக்குப் போடுகிற பருத்தி உறை, தன்னுடையது, தோய்த்து மடித்து இரண்டு கொண்டுவந்திருந்தார். அண்ணைக்குக் கொடுப்பதற்கு. அன்றைக்கு அவருக்கு முன்னால் மட்டும்தான் எனக்கு உண்மையாக வெட்கமாக இருந்தது. நடந்ததை அவருக்கும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, பொய்க்காலை நீட்டி வைத்துக்கொண்டு விறாந்தைக் குந்தில் இருந்தார். புறூனோவின் தையல் தழும்பைக் கனநேரம் பார்த்தார்.

"எனக்குக் கால் போன நேரம் இடம்பெயர்ந்து நிண்டனாங்கள்," என்றார். "பூசை வைக்க ஆரும் இல்லை." பிறகு உறைகளை எடுத்துத் தன் சட்டைப்பைக்குள் திரும்ப வைத்தார். "இது இவருக்குக் கொளுவேலாது. பெரிசு." அவர் சொன்னது பகிடியா, மனவருத்தமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. போகும்போது என்னிடம், "கால் இல்லாத இடத்தில கடிக்கும், சொறியவும் ஏலாது. அந்தரப்படுவார். கிட்ட இரும்," என்று சொல்லிவிட்டு, அண்ணையைத் திரும்பியும் பாராமல் போனார்.

அதுதான் அண்ணைக்குச் சுட்டது என்று நினைக்கிறேன். படலை சாத்தப்பட்டதும் கட்டின வலையை இழுத்து நிலத்தில் எறிந்தார். "ஊர் முழுக்க என்னை நொண்டி ஆக்கிப்போட்டாய். சந்தோசமோ? திங்கள் வரைக்கும் பாக்கத் தேவையில்லை. இப்பவே ஏத்துறன். இந்த வீட்டில ஒண்டில் அது, இல்லாட்டி நான்." அம்மா "அவன் சொல்லுறது சரி" என்றார். அண்ணி குசினி வாசலில் நின்றார்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். இந்த வீட்டை ஐயா என் பெயரில் சீதனமாக எழுதினார். கலியாணம்தான் வரவில்லை. அண்ணியின் சீதனக் காணியில் வீடு கட்டி முடியும்வரை என்று சொல்லி அண்ணை குடும்பம் இங்கே வந்தது, பதினொரு வருடமாகிறது. பெரிய அறை அவர்களுக்கு. நான் அம்மாவோடு சின்ன அறையில். ஒருநாள்கூட அதை நான் வாயால் சொன்னதில்லை. எனக்கு வந்த சம்பந்தம் ஒன்றை அண்ணை என்னிடம் கேட்காமலே திருப்பி அனுப்பிய அன்றும் சொல்லவில்லை. தேவை வரவில்லை என்று நினைத்திருந்தேன். தேவை பலமுறை வந்தது, எனக்காக என்றபடியால் நான் அதைத் தேவை என்று எண்ணவில்லை. அன்றைக்குத்தான் அது எனக்கு விளங்கியது.

"இது என்ர வீடு," என்றேன்.

அம்மா "ஜொய்சி" என்றார். குரல் அடியில் போயிருந்தது.

"அப்ப நாங்கள் வெளிக்கிடோணுமோ?" என்று அண்ணை கேட்டார்.

"ஒருதரும் வெளிக்கிடவேண்டாம். ஆர் இருக்கிறது, ஆர் போறது எண்டு நீங்கள் சொல்லேலாது. அதுதான் சொல்லுறன்." அவருக்கு முன்னால் போய் நின்றேன். "பஸ் அடிச்சதெண்டு சொன்னனீங்கள். நான் ஒண்டும் கேக்கேல்லை. இனியும் கேக்கமாட்டன். ஆனா அவனைப் படகில ஏத்தினா, கோவில் வாசலில நிண்டு எல்லாத்தையும் சொல்லுவன்."

அண்ணையின் முகம் செத்துப்போயிற்று. அண்ணி அவரைப் பார்த்தார். அவர் யாரையும் பார்க்கவில்லை. கொடியில் கிடந்த சட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்ற மோட்டார் சைக்கிளில் ஏறினார். திறப்பைப் போட்டுத் திருகினார்.

அப்போதுதான் பின்னால் வாளி சுவரில் உரசுகிற சத்தம் கேட்டது. துவாய் என் தோளில் கிடந்தது. புறூனோ எழும்பி நின்றான். முன்னங்கால் இரண்டையும் அகட்டி, ஒற்றைப் பின்னங்காலை நடுவுக்குக் கொண்டுவந்து ஊன்றிக்கொண்டு நின்றான். விறாந்தைப் படியால் இறங்கும்போது நாடி தரையில் அடிபட விழுந்தான். நான் ஓடப் போனேன், போகவில்லை. எழும்பினான். தத்தித் தத்தி முற்றத்தைக் கடந்து, அண்ணை இருந்த மோட்டார் சைக்கிளின் பின் சில்லை மணந்து பார்த்தான். வலது பக்கத்தில் தூக்கக் கால் இல்லை. மயிர் வழித்த அந்த அடித்தொடையை மட்டும் தூக்கினான். விழாமல் நின்று மூத்திரம் பெய்தான்.

அண்ணையின் கால் கிக்கரில் இருந்தது. அவர் மிதிக்கவில்லை. சில்லில் பட்டது அவருடைய குதிக்காலிலும் தெறித்துக்கொண்டிருந்தது. காலை எடுக்காமல், மோட்டார் சைக்கிள் அசையாதபடி கைப்பிடி இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கழுத்தைத் திருப்பி அவனையே பார்த்தபடி, முடியும்வரை இருந்தார்.