திண்டுக்குள் ஒளிந்த தேவதை

சேலத்திலிருந்து பெண் பார்க்க வருகிறவர்கள் மலையேறத் தொடங்கிவிட்டார்கள் என்று போன் வந்தபோது, ஹசீனா திண்டுகளுக்குள் இருந்து பஞ்சைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். கூடத்து திவானில் சாய்ந்துகொள்ளப் போட்டிருந்த பெரிய திண்டுகள் அவை. ஜிப்பைத் திறந்து இலவம்பஞ்சைச் சாக்கில் அமுக்கிவிட்டு, அந்த இடத்தில் மகள் நஸ்ரினின் புத்தகங்களை அடுக்கினாள். அடுக்கினாள் என்பதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது. திணித்தாள். ஒவ்வொரு புத்தகத்தின் அட்டையிலும் றெக்கை முளைத்த ஒரு தேவதை காளான் மேலேயோ பூவின் மேலேயோ உட்கார்ந்து இவளைப் பார்த்துச் சிரித்தது.

“அம்மா, அட்டை மடங்குதும்மா,” என்று நஸ்ரின் கெஞ்சினாள்.

“மடங்குனா நிமித்திக்கலாம். உனக்கு ஏறுற வயசை நிறுத்திக்க முடியுமா?”

நஸ்ரினுக்கு இருபத்தேழு. சென்னையில் இருக்கும் பதிப்பகங்களுக்கு வீட்டிலிருந்தபடியே படம் வரைந்து கொடுப்பவள். வரைவது தேவதை, படிப்பது தேவதை, கேட்டால் இது பெரியவர்களுக்கான தேவதைக் கதை, அது சின்னவர்களுக்கான தேவதைக் கதை என்று தரம் பிரித்து வேறு சொல்வாள். போன வருடம் தர்மபுரியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. சுவர் முழுக்க இருந்த படங்களையும் அலமாரியையும் பார்த்தது. வைத்த பஜ்ஜியைத் தொடாமல் எழுந்து போனது. ‘பொண்ணு இன்னும் கொழந்தைப் புத்தகத்தை வுட்டு எறங்கலையாம்’ என்று தரகர் மூலம் பதில் வந்தது. அந்தப் பேச்சு சேலம் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டதோ என்னவோ, அதற்குப் பிறகு ஒருத்தரும் ஏற்காட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இந்தச் சம்பந்தமும் கைநழுவிப் போனால் தன் நெஞ்சு தாங்காது என்று ஹசீனா நினைத்தாள். நினைத்ததை வாய்விட்டு எல்லோரிடமும் சொல்லியும் வைத்திருந்தாள்.

“கேட்டா உள்ளதைச் சொல்லிட்டுப் போயிரலாமே,” என்றார் அவள் கணவர் நூர் முகமது. ஏரிக்கரையில் மிளகும் காப்பித்தூளும் தைலமும் விற்கும் கடைக்காரர்.

“ஏனுங்க, சாக்குல மேலாப்புல நல்ல மிளகைத் தூவி வெக்கிறீங்களே, அதை மட்டும் யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா?”

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். சுவரில் இருந்த படங்களைக் கழற்றி நஸ்ரினின் கட்டிலுக்கு அடியில் கவிழ்த்து வைத்தார். கூடத்துக் கண்ணாடி ஷோகேஸில் இருந்த டின்னர் செட்டை ஹசீனா துடைத்துத் துடைத்து மினுக்கினாள். வெளியாள் வந்தால் மட்டுமே வெளியே வரும் தட்டுகள் அவை. அந்த ஷோகேஸைப் புத்தகத்துக்குக் கொடு என்று நஸ்ரின் பள்ளிக்கூடத்துக் காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். யார் கொடுத்தது?

மூடுபனிக்குள்ளிருந்து கார் வந்து நின்றது. மாப்பிள்ளையின் தாயார் மைமூன் இறங்கினாள். கனத்த உடம்பு, வளைவு வளைவாக ஏறி வந்ததில் வெளுத்துப் போன முகம், கையில் பாதி கடித்த எலுமிச்சம்பழம். பின்னாலேயே மகன் அஃப்சல். டைல்ஸ் கடை வைத்திருக்கும் பையன். ஸலாம் சொல்லிவிட்டு உள்ளே வந்தவன், பெண் இருக்கும் திசையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டினான்.

“இங்க அடியில சிமெண்டு புடிக்கலைங்க,” என்றான் மரியாதையாக.

நல்ல பையன்தான், பொறுப்பு இருக்கிறது என்று ஹசீனா மனதுக்குள் மதிப்பெண் போட்டாள்.

மைமூன் திவானில் உட்கார்ந்து, அப்பாடா என்று திண்டில் சாய்ந்தாள். முதுகில் ஏதோ இடித்தது. நிமிர்ந்து திரும்பிப் பார்த்தாள்.

“ஏனுங்க, உள்ள என்ன, செங்கல்லா?”

“இலவம்பஞ்சுங்க. இங்கத்த பனிக்கு நொம்ப இறுகிக்கும்ங்க.” எப்படி வந்ததோ அந்தப் பொய், ஹசீனாவுக்கே தெரியாது.

“சேலத்துல அந்தத் தொல்லை இல்லீங்க,” என்று மைமூன் அனுதாபப்பட்டாள்.

நஸ்ரின் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். பெயர் கேட்டார்கள், படிப்புக் கேட்டார்கள். நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் அஃப்சலின் போன் அடித்தது. மலைப்பாதையில் ஒரு வளைவில் மரம் விழுந்து வண்டிகளெல்லாம் நிற்கின்றனவாம். குப்பனூர் வழியாக இறங்கலாம் என்றால், ஊரில் இருக்கிற டூரிஸ்ட் வண்டி அத்தனையும் அந்தப் பக்கம்தான் திரும்பியிருக்கிறதாம்.

“அப்ப மத்தியானச் சாப்பாடு இங்கதான்!” என்று ஹசீனா துள்ளிக்கொண்டு எழுந்தாள். மரத்தை அல்லாஹ்வே தள்ளிவிட்டிருக்கிறான் என்று நினைத்தாள். சேமியாவை எடுத்து வைத்திருந்தவள் பிரியாணி அரிசியை ஊறப் போட்டாள். அஃப்சலும் நஸ்ரினும் முன்வாசலில் நாற்காலி போட்டு இரண்டு வார்த்தை பேசட்டும் என்று முடிவாயிற்று. கூப்பிடு தூரத்தில் நூர் முகமது இருமிக்கொண்டு நின்றார். கூடத்தில் மைமூன் தனியாக இருந்தாள்.

வெங்காயம் வதக்கிவிட்டு ஹசீனா எட்டிப் பார்த்தபோது, திண்டின் ஜிப் திறந்து கிடந்தது. மைமூன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மடியில் ஒரு தடித்த புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள்.

“உங்க ஊட்டுப் பஞ்சு நல்லா இருக்குங்க,” என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

ஹசீனா ஓடிவந்து ஜிப்பை இழுத்து மூடினாள். போச்சு. இதுவும் தர்மபுரிதான். “அது... பக்கத்து ஊட்டுப் புள்ளைங்களதுங்க,” என்று இழுத்தாள்.

“கொஞ்சம் சும்மா இருங்க. இவளை மரப்பொந்துலிருந்து வெளிய வரவுடுங்க.”

அது தும்பை என்ற கிழட்டுத் தேவதையின் கதை. ஐந்து பாகம். குளிரில் நடுங்கிய பிள்ளைகளுக்குப் போர்வை தைக்கத் தன் றெக்கைகளையே அறுத்துக் கொடுத்தவள் தும்பை. பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு திசையில் பறந்துபோனார்கள். இவள் மட்டும் பறக்க முடியாமல் மரப்பொந்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஒருநாள் கைத்தடியை எடுத்துக்கொண்டு, புது றெக்கை தேடி நடந்தே கிளம்புகிறாள்.

பிரியாணி வந்தது. மைமூன் வலது கையால் சாப்பிட்டு இடது கையால் பக்கம் புரட்டினாள். டின்னர் செட்டை அவள் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. கறி வெந்திருக்கிறதா என்று ஹசீனா கேட்டதற்கு, “பாவி மக, தனியா போறாளே,” என்று பதில் வந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் அஃப்சல் வந்து நின்றான். “அம்மா, மரத்தை அறுத்து எடுத்துட்டாங்களாம். கெளம்பலாம்.”

“அறுக்கட்டும். இங்க ஒருத்தி றெக்கையவே அறுத்துட்டு நிக்கிறா, உனக்கு மரம்தான் பெருசாப் போச்சு!” என்ற மைமூன், “நஸ்ரின் கண்ணு, இங்க வா. இந்த ஆத்தை இவ எப்படித் தாண்டுவா?” என்று கேட்டாள்.

“சொல்லிட்டா சப்புனு போயிரும் மாமி. நீங்களே படிங்க.”

இரண்டு பேரும் அதற்கு அப்படிச் சிரித்தார்கள். பிறகு நஸ்ரின் கட்டிலுக்கு அடியிலிருந்து படங்களை ஒவ்வொன்றாக எடுத்து வந்து காட்டினாள். மிளகுக்கொடியில் ஊஞ்சலாடும் தேவதை, காப்பிப்பூவைக் குல்லாவாக வைத்துக்கொண்ட தேவதை. ஒரு படத்தைப் பார்த்ததும் மைமூன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஏனுங்க, ஓடியாங்க! இது நீங்கதானுங்களே!”

ஹசீனா ஓடிவந்தாள். ஸ்வெட்டர் போட்ட குண்டுத் தேவதை ஒன்று, ஒரு கையில் கரண்டியும் ஒரு கை இடுப்பிலுமாக, வாயைத் திறந்து யாரையோ திட்டிக்கொண்டிருந்தது. சந்தேகமே இல்லை, இவள்தான். முதுகில் துளியூண்டு றெக்கை.

“இத்துனூண்டு றெக்கையில நான் எப்புடிடி பறப்பேன்?”

“நீ எங்கம்மா பறக்கற? நின்ன எடத்துல கத்தற.”

மறுபடியும் அந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தப் படம் எத்தனை மாதமாகச் சுவரில் தொங்கியது! தினமும் தூசி தட்டியவள் ஒருநாளாவது நின்று பார்த்தாளா? ஹசீனாவுக்குச் சுருக்கென்றது. பெற்றவள் ஒருத்தி அடுப்படியில் வேக, இன்றைக்கு வந்தவள் மகளோடு உட்கார்ந்து சிரிக்கிறாள். பொறாமைதான், வேறென்ன? அவளுக்கே அது தெரிந்தது.

கிளம்பும்போது மைமூன் முதல் பாகத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். “படிச்சுட்டு நானே கொண்டாந்து தர்றனுங்க,” என்றாள். கார் வளைவில் மறைந்ததும் ஹசீனா கைகளை ஏந்தி துவா செய்தாள். உறவாக நினைக்காத வீட்டில் யாராவது புத்தகம் இரவல் வாங்குவார்களா? சம்பந்தம் முடிவான மாதிரிதான்.

“எனக்கு வேண்டாம்மா,” என்றாள் நஸ்ரின்.

“எதுடி வேண்டாம்? சேமியாவா?”

“மாப்பிள்ளை.”

ஹசீனா கத்திய கத்தலில் பக்கத்து எஸ்டேட் நாய் குரைத்தது. “ஏன்டி? அந்தப் பையனுக்கு என்ன கொறைச்சல்? பீடியா, சீட்டா?”

“நல்லவருதாம்மா. ‘கல்யாணத்துக்கு அப்புறம் புத்தகத்தையெல்லாம் பரண்ல பத்திரமா வெச்சுருவோம், கொழந்தை பொறந்தா எறக்கிக்கலாம்’னாரு.”

“அதுல என்ன தப்பு?”

“நீ திண்டுக்குள்ள வெச்சே. அவரு பரண்ல வெக்கிறேங்கறாரு. எனக்கு எங்கதாம்மா எடம்?”

ஹசீனா டீக் கோப்பைகளை அள்ளிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மைமூனுக்கு போன் போட்டுச் சொல்ல வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினாள். கோபத்தில் பஞ்சையும் திரும்ப அடைக்கவில்லை. மத்தியானம் அசந்து சாயும்போதெல்லாம் முதுகில் குத்தியது. அப்படி என்னதான் இருக்கிறது இந்தச் சனியனில் என்று ஒருநாள் உருவினாள். கைக்கு வந்தது இரண்டாம் பாகம். முதல் பாகம்தான் சேலத்தில் இருக்கிறதே. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் தும்பையை ஒரு சந்தைக்காரி ஏமாற்றப் பார்த்த இடத்தில் ஹசீனாவுக்கு ரத்தம் கொதித்துவிட்டது. அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது. மகளிடம் கேட்கத் தன்மானம் விடவில்லை. காலடி கேட்டால் புத்தகத்தைத் திண்டுக்குள் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மைமூன் சொன்னபடி வந்தாள். காரில் இல்லை, பஸ்ஸில், தனியாக, எலுமிச்சம்பழத்தோடு. உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து முதல் பாகத்தை எடுத்தாள். பேப்பரில் அட்டை போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

“ரெண்டாம் பாகத்தைக் குடுங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்.”

இனியும் மறைத்தால் பாவம் என்று ஹசீனா சொல்லிவிட்டாள். “தப்பா நெனைக்காதீங்க. புள்ளை வேண்டாம்ங்கறா.”

மைமூன் எலுமிச்சம்பழத்தை உள்ளங்கையில் உருட்டினாள்.

“அவனும் வந்து சொன்னானுங்க, பரண்ல வெக்கிற கதைய. அப்பவே நெனைச்சேன்,” என்றாள். “நல்ல பையன்தான். ஆனா ஊட்டுல ஆம்பளைங்க எல்லாம் டைல்ஸைத் தவுத்து ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. பெரிய மருமகளும் துபாய் போயிட்டா. இந்தப் புள்ளை வந்தா எனக்குப் பேச ஆளாச்சுன்னு ஆசைப்பட்டுட்டனுங்க.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “சம்பந்தம் இல்லைன்னா, நான் இனிமே இந்த ஊட்டுப் படி ஏறக் கூடாதுங்களா?”

வழக்கப்படி பார்த்தால் ஏறக் கூடாதுதான். சம்பந்தம் கலைந்த வீட்டுக்கு யார் வந்து போவார்கள்? தரகர் என்ன சொல்வார், ஊர் என்ன பேசும்? ஹசீனாவுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் திண்டின் ஜிப்பைத் திறந்தாள். உள்ளே கைவிட்டு, பாதியில் கறிவேப்பிலைக் காம்பு செருகியிருந்த இரண்டாம் பாகத்தை எடுத்தாள்.

“இதை இன்னைக்குத் தர முடியாதுங்க. நான் இன்னும் முடிக்கலை.”

மைமூன் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். “நீங்களா?”

“ஆமாங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க, உசுரு போவுது. இந்தக் குள்ளன் யாரு? அவளைப் பாத்ததும் ஏன் இந்த அழுவை அழுவறான்?”

“குள்ளன் வந்துட்டானா! அழுவறானா?” மைமூன் திவானில் ஏறிச் சம்மணம் போட்டுவிட்டாள். “அது பெரிய கதைங்க. இவளோட கடைசிப் புள்ளை இருக்குதே...”

நஸ்ரின் அறையிலிருந்து வெளியே வந்தபோது, அம்மாவின் மடியில் புத்தகமும் மைமூனின் வாயில் கதையுமாக இருந்தது. அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஹசீனா நிமிர்ந்து பார்த்தாள்.

“என்னடி பாக்கறே? மாமிக்கு டீ போடு. எவர்சில்வர் டம்ளர்லயே கொண்டா.”

மைமூன் கடைசி பஸ்ஸுக்குத்தான் போனாள். வெள்ளிக்கிழமை வருவதாகப் பேச்சு. அதற்குள் ஹசீனா படித்து முடிக்க வேண்டும், முடித்தாலும் போனில் மூச்சு விடக் கூடாது என்பது நிபந்தனை.

நூர் முகமது கடையடைத்துவிட்டு வந்தபோது ஷோகேஸ் காலியாக இருந்தது. ஹசீனா டின்னர் செட்டைத் தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். நஸ்ரின் திண்டுகளுக்குள்ளிருந்து புத்தகங்களை எடுத்து, மடங்கிய அட்டைகளை நீவி நீவி ஷோகேஸில் வைத்துக்கொண்டிருந்தாள். கரண்டித் தேவதை பழைய ஆணிக்கே திரும்பிவிட்டது.

“ஏனுங்க, இந்தப் பெட்டியத் தூக்கிப் பரண்ல போடுங்க.”

“நாளைக்கு இன்னொருத்தரு பொண்ணு பாக்க வந்தா?”

“வரட்டுமே. பொண்ணைத்தானே பாக்க வர்றாங்க, தட்டையா பாக்க வர்றாங்க?” என்றாள் ஹசீனா.